கண்ணாடியைத் தட்டுகிறவனுக்கு

தம்பி,

போன கிழமை போனில் நீ கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. கலியாணத்துக்கு முதல் ஒரு கார் எடுக்க வேண்டும், கொழும்பில் நல்ல ஹைபிரிட் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், ஆவணி முடிய இரண்டு பேரும் யாழ்ப்பாணத்துக்கே வந்துவிடப் போகிறோம், எங்கடை வெயிலுக்கு அது தாங்குமா என்று கேட்டாய். கேட்ட கையோடு "அவசரமில்லை அம்மா, யோசிச்சுச் சொல்லுங்கோ" என்று வைத்துவிட்டாய். மற்ற நாட்களில் "வேறை என்ன, வேறை என்ன" என்று கேட்டுக்கொண்டே இருப்பவன் நீ. எங்கள் கொட்டகையில் நிற்கிற அப்பாவின் காரும் ஹைபிரிட்தான். அப்பா கண்ணை மூடியதும் அந்தக் காருக்குள்தான். நீ பள்ளிக்கூடத்தில் உயர்தரம் படித்த காலத்திலிருந்து இன்று வரைக்கும் அந்தக் காரைப் பற்றி நீயும் நானும் ஒரு வசனம்கூடக் கதைத்ததில்லை. ஆனபடியால் நீ கேட்டது கார் வாங்குவதைப் பற்றி மட்டுமல்ல என்று எனக்குத் தெரிகிறது. போனில் சொன்னால் நான் பற்றரியைப் பற்றிச் சொல்லி முடித்துவிடுவேன். இத்தனை வருடம் பௌதிகவியல் படிப்பித்தவளுக்கு அது சுலபம். மற்றதைச் சொல்ல எனக்குக் கடதாசி வேண்டும்.

முதலில் நேரான பதில். வாங்கலாம். ஆனால் அது என்ன மாதிரியான பிராணி என்று தெரிந்துகொண்டு வாங்கு. ஹைபிரிட்டின் பெரிய பற்றரி பின் சீற்றுக்கு அடியிலோ பின்னாலோ இருக்கிறது. அப்பாவின் கார் மாதிரியானவற்றில் அதற்கென்று தனிக் குளிர் கிடையாது. நீ காருக்குள் சுவாசிக்கிற அதே காற்றைத்தான் அதுவும் இழுக்கிறது. பின் சீற்றின் ஓரத்தில், காலுக்குக் கிட்ட, கம்பி போட்ட சின்ன வாய் ஒன்று இருக்கும். அதற்குப் பின்னால் ஒரு விசிறி. உனக்குப் புழுக்கமாக இருந்தால் பற்றரிக்கும் புழுக்கம், உனக்கு இதமாக இருந்தால் அதற்கும் இதம். வெயில் அதை ஒரேயடியாகக் கொல்லாது. ஒவ்வொரு மத்தியானமும் அதன் ஆயுளில் கொஞ்சம் கிள்ளி எடுத்துக்கொண்டு போகும். குளிர் நாட்டில் நீண்ட காலம் உழைக்கக்கூடிய பற்றரி எங்கள் பங்குனி சித்திரையில் நின்று நின்று முன்னதாகவே களைத்துவிடும். ஆகவே நிழலில் விடு. வெயிலில் நின்ற காருக்குள் ஏறினால் நான்கு கண்ணாடியையும் இறக்கி அந்த அனலை வெளியே விட்டுவிட்டு ஏசியைப் போடு. பின் சீற்றில் துவாய் விரிப்பது, வாழைக்குலை அடுக்குவது, பயணப் பைகளைத் திணிப்பது எல்லாம் அந்தச் சின்ன வாயைப் பொத்துகிற வேலை. ஓடுகிற காரைச் சுவரும் கதவும் உள்ள கராஜுக்குள் விட்டு மறந்துவிடாதே. அது ஓடுகிறதா நிற்கிறதா என்று உன் காது உனக்குச் சொல்லாது, எஞ்சின் தானாக வந்து நச்சுப் புகையால் இடத்தை நிரப்பிவிடும். பழைய காராக இருந்தால் பற்றரியைச் சோதிக்காமல் வாங்காதே. கழித்த பற்றரிகளில் நல்ல துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து, புதிது மாதிரித் துடைத்துப் பூட்டிவிடுகிறார்கள். எங்கள் வெயில் அந்தப் பொய்யை ஒரு கோடைக்குள் கண்டுபிடித்துவிடும்.

இலாபமா என்று கேட்டால், கொழும்பு மாதிரி நின்று நின்று போகிற தெருக்களில் அது தன்னைக் காட்டும். கோப்பாயிலிருந்து அச்சுவேலிக்கு நேர் றோட்டில் ஓடுவதற்கு அவ்வளவு வித்தியாசம் தெரியாது. தினம் ஓடு, அது நல்லாக இருக்கும். நல்லநாள் பெருநாளுக்கு மட்டும் எடுப்பதென்றால் வேண்டாம். சும்மா நின்றால் சீக்கிரம் கெட்டுப்போகிற சாமான் அது. பெற்றோல் வரிசைக் காலத்தில் நான் அதன் அருமையைக் கண்டேன். முன்னால் இருக்கிற கார்கள் ஒவ்வொரு முறையும் உறுமி ஒரு அடி நகர, நான் சத்தமில்லாமல் நகர்ந்து போவேன். அந்த வெயிலிலும் எனக்குக் குளிர். ஆனால் அந்தக் குளிருக்குள் இருந்துகொண்டு கண்ணை மூட எனக்கு ஒரு நாளும் தைரியம் வந்ததில்லை. அது ஏன் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

உனக்கு நினைவிருக்கும், அப்பா முதலில் ஒரு டீசல் வான் வைத்து ஹயருக்கு ஓடியவர். அது இருபாலைச் சந்தியில் திரும்பும்போதே இங்கே நான் அடுப்பில் தேத்தண்ணி வைக்கத் தொடங்குவேன். அவ்வளவு சத்தம். பிறகு ஊரெல்லாம் ஜப்பான் ஹைபிரிட் வரத் தொடங்க, வானைக் கொடுத்துவிட்டு இதை எடுத்தார். கொண்டுவந்த அன்று உன்னை முன்னால் ஏற்றிப் பொத்தானை அமத்தினார். ஒரு சத்தமும் இல்லை. நீ, "ஸ்ராட் ஆகேல்லை அப்பா" என்றாய். "ஆகிட்டுதடா" என்றார். "பொய் சொல்லாதேங்கோ." "கொம்மா கோவத்திலை இருக்கிற மாதிரித்தான் உது. சத்தம் வராது, ஆனா உள்ளை எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்." நீ சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அதற்குப் பிறகு அவர் எப்போது வருகிறார் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. கிணற்றடியில் நிற்பேன், நிமிர்ந்தால் கார் பின்னால் நிற்கும். "பேய் மாதிரி வந்து நிக்கிறியள்" என்று நான் ஏசினால், "ஓம், இனி எனக்கு வயசு போகப் போகச் சத்தம் குறைஞ்சுகொண்டுதான் வரும்" என்பார். அது பகிடிதான். அப்போது பகிடியாகத்தான் கேட்டது.

இன்னொன்றும் மாறியது. அதை நான் பிறகுதான் கவனித்தேன். வான் வைத்திருந்த காலத்தில் கலியாண வீட்டிலோ ஆசுபத்திரியிலோ ஆட்களை இறக்கிவிட்டால் அப்பா மற்ற சாரதிமாருடன் மரநிழலில் இருப்பார். பேப்பர் பார்ப்பார்கள், காட்ஸ் விளையாடுவார்கள், ஆளுக்காள் நக்கலடிப்பார்கள். வீட்டுக்கு வந்தால் அந்தக் கதைகள்தான் எங்கள் இரவுச் சாப்பாடு. ஹைபிரிட் வந்த பிறகு அவர் காருக்குள்ளேயே இருக்கத் தொடங்கினார். ஏசி பற்றரியில் ஓடும். பற்றரி இறங்கினால் எஞ்சின் தானாக ஸ்ராட் ஆகி, அதை நிரப்பிவிட்டுத் தானாக நிற்கும். செலவும் பெரிதாக இல்லை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, சீற்றைச் சாய்த்து, தொப்பியை முகத்தில் போட்டுக்கொண்டு நித்திரை கொள்வார். மற்றவர்கள் வெளியே வேர்த்துக்கொண்டு நின்று, "அண்ணை நுவரெலியாக் குளிருக்குப் போட்டார், பின்னேரம்தான் இறங்குவார்" என்பார்களாம். அவரே வந்து சொல்லிச் சிரிப்பார். எங்கள் வெயிலுக்கு ஹைபிரிட் ஏற்றதா என்று கேட்கிறவர்கள் பற்றரியைத்தான் யோசிக்கிறார்கள். வெயில் எங்களை ஒரு மரத்தின் கீழே ஒன்றாக இருத்தி வைத்திருந்தது. அந்தக் கார் அவரை அதிலிருந்து தூக்கித் தனியே வைத்தது.

அன்றைக்கு வைகாசி வெயில். இருபாலையில் ஒரு கலியாணம். வெளிநாட்டிலிருந்து வந்து நீர்வேலியில் நின்ற எங்கள் ஊர்க்காரரை மண்டபத்துக்கு ஏற்றி இறக்குவது அப்பாவின் வேலை. விடியப்புறம் எழும்பிக் காரைக் கழுவினார். இடியப்பமும் சொதியும் முட்டைப்பொரியலும் வைத்தேன். "காணும், காணும். அங்கையும் சாப்பிடவேணும்" என்று சொல்லிக்கொண்டே இன்னும் இரண்டு போட்டுக்கொண்டார். முகூர்த்தத்துக்கு இன்னும் நிறைய நேரம் இருக்கும்போதே ஆட்களை இறக்கிவிட்டு, மண்டபத்துக்கு முன்னால், மதில் ஓரமாகக் காரை விட்டிருக்கிறார். மத்தியானம் சாரதிமாரைச் சாப்பிடக் கூப்பிட வந்த ஆள் அவர் நித்திரை என்று நினைத்து எழுப்பவில்லை. பாவம், பிறகு சாப்பிடட்டும் என்று ஒரு சாப்பாட்டுப் பார்சலைக் காரின் கூரையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கலியாணச் சனம் எல்லாம் அவரைக் கடந்துதான் போனது, வந்தது. குளிரில் நன்றாகத் தூங்குகிற மனிதர். யாருக்குத்தான் எழுப்ப மனம் வரும்?

பின்னேரம் ஏற்றிவந்தவர்கள் வீட்டுக்குப் போக வந்து தட்டியிருக்கிறார்கள். உள்ளே பூட்டியிருந்தது. கடைசியில் பின் கதவுக் கண்ணாடியை உடைத்தார்கள். அதனால்தான் அந்த ஒரு கண்ணாடி மட்டும் மற்றவற்றைவிட வெளிறி நிற்கிறது. உடைத்ததும் உள்ளேயிருந்து குளிர்காற்று முகத்தில் அடித்தது என்று அந்த வெளிநாட்டுக்காரர் எனக்கு இரண்டு தரம் சொன்னார். வேறு எதையும் சொல்ல அவருக்கு வரவில்லை. சரியாக அந்த நேரத்தில் எஞ்சின் தானாக ஸ்ராட் ஆகியிருக்கிறது. அப்பாவைத் தூக்கிக்கொண்டு ஆசுபத்திரிக்கு ஓடிவிட்டார்கள். கார்ச் சாவி அவருடைய சேட்டுப் பொக்கற்றுக்குள்ளேயே போய்விட்டது. காரை யாரும் நிறுத்தவில்லை. பொத்தானை அமத்தினால் நின்றுவிடும். ஆனால் கிட்டப் போக ஒருவரும் இல்லை. சித்தப்பா போய்ப் பார்த்துவிட்டு அங்கிருந்து எனக்குப் போன் எடுத்தார்.

"மச்சாள், கார் தன்பாட்டிலை ஸ்ராட் ஆகுது, தன்பாட்டிலை நிக்குது. சனம் சுத்தி நிண்டு பாக்குது. ஒருதரும் கிட்டப் போகமாட்டினமாம்."

"பொத்தானை அமத்துங்கோ. நிக்கும்."

"அண்ணை நிப்பாட்டேல்லையெல்லே, நான் என்னண்டு நிப்பாட்டுறது?"

இந்த ஒரு வசனத்தை நான் இன்றைக்கும் யோசிக்கிறேன். உன் சித்தப்பா படித்த மனிதர், பயந்தவரும் அல்ல. தமையன் ஓடவிட்டதைத் தான் நிறுத்தினால் எல்லாம் நின்றுவிடும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். எனக்கும் அது விளங்கியது. பொழுதுபடும் நேரம்தான் ஒரு மாதிரி மனதைத் திடப்படுத்திக்கொண்டு நிறுத்தினாராம்.

பிறகு நடந்தவை உனக்குத் தெரியும். துடக்கு முடியும் வரைக்கும் காரைத் தொடக்கூடாது என்றார்கள். அதில் தோசம் இருக்கிறது என்று முன்னால் பூசணிக்காய் வெட்டினார்கள். நான்கு கதவையும் பூட்டி, கறுப்புப் படங்கினால் மூடி, தகரக் கொட்டகைக்குள் தள்ளி விட்டார்கள். வைகாசி வெயில், தகரம், கறுப்புப் படங்கு, பூட்டிய கண்ணாடி. பரீட்சைக்குக் கேட்கலாம், ஒரு பற்றரியைக் கொல்வதற்குச் சிறந்த வழி யாது என்று. எல்லாம் தெரிந்த நான் வாய் திறக்கவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று, சாம்பல் கரைக்கக் கீரிமலைக்கு, அவரை அவருடைய காரிலேயே கொண்டுபோக வேண்டும் என்று மட்டும் பிடிவாதம் பிடித்தேன். விடியப் படங்கை எடுத்தால், சின்னப் பற்றரியும் செத்து, கார்க் கதவே திறக்கவில்லை. வேறொருவரின் வானில்தான் போனோம். அந்த வானின் சத்தத்தில் வழி நெடுக எனக்கு அடுப்பில் தண்ணி வைக்க வேண்டும் போல இருந்தது.

கார் திருத்த வந்தவர் பெரிய கதைகாரர். பின் சீற்றைக் கழற்றி அந்த விசிறியைத் திறந்தவர், "ரீச்சர், ஓடி வாங்கோ, உள்ளை பூனையொண்டு செத்துக் கிடக்கு" என்று கத்தினார். போய்ப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில், கையளவு மொத்தத்தில், கம்பளி மாதிரி ஒன்று. "பூனையில்லை, எல்லாம் ஆக்களின்ரை தலைமயிர். ஊர்ச் சனம் முழுக்க உதுக்குள்ளைதான் இருக்குது போலை" என்று சிரித்தார். அத்தனை வருடம் பின் சீற்றில் இருந்தவர்கள் எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாக அந்தச் சின்ன வாய்க்குள் போயிருந்தார்கள். பெண்களின் நீளமயிர், சரிகை நூல், காய்ந்த மல்லிகை, திருநீறு, கடற்கரை மணல். உன் பள்ளிக்கூடச் சப்பாத்துக் கயிற்றின் வெள்ளை நூலும் இருந்தது என்று நினைக்கிறேன். குட்டையாய் நரைத்த மயிர்களும் இருந்தன. அப்பா பின் சீற்றில் எப்போது படுத்தாரோ. கார் திருத்த வந்தவர் அதைத் தூக்கி வெளியே எறிந்தார். சோளகக் காற்று அதை உருட்டிக்கொண்டு போனது. நாலு கால் இருக்கிற ஒன்று அவசரமில்லாமல் நடந்து போகிற மாதிரி, ஒழுங்கையின் முடக்கு வரைக்கும் போய்த் திரும்பி மறைந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கூப்பிட வேண்டும் போல இருந்தது. என்ன பெயர் சொல்லி?

விற்கச் சொன்னார்கள். நான் விற்கவில்லை. ஓட்டப் பழகினேன், அதில்தான் பள்ளிக்கூடம் போகிறேன். அது உனக்குப் பிடிக்கவில்லை என்று தெரியும். லீவில் வந்தால் நீ பஸ்ஸில் போவாய், சைக்கிளில் போவாய், அந்தக் காரில் மட்டும் ஏறமாட்டாய். உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில், சமைத்து முடித்த பிறகு, நான் கொட்டகைக்குப் போய்ப் பொத்தானை அமத்தி ஏசியைப் போடுவேன். பிறகு இறங்கிச் சுற்றி வந்து இடப்பக்கச் சீற்றில் ஏறி இருப்பேன். பயப்படாதே, அந்தக் கொட்டகைக்குச் சுவரில்லை. அங்கே இருந்து ஒரு புத்தகம் வாசிப்பேன். ஒரு சத்தமும் இருக்காது. கொஞ்ச நேரத்தில் எஞ்சின் தானாக ஸ்ராட் ஆகும். கார் முழுவதும் ஒரு சின்ன நடுக்கம் ஓடும், ஆள் ஒருவர் ஏறி இருந்தால் வருமே, அது மாதிரி. பற்றரி இறங்கியது, அதனால் எஞ்சின் வந்தது என்று எனக்குத் தெரியும். அதைப் படமே கீறிப் படிப்பிப்பேன். ஆனாலும் ஒவ்வொரு முறையும் நான் வலப்பக்கம் திரும்பிப் பார்க்கிறேன். ஏன் என்று தெரிந்துவிட்டால் பயம் போகும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தவள் நான். பயம் போய்விட்டது, உண்மைதான். மற்றது போகவில்லை.

இனி நான் எழுதுவதைக் கொஞ்சம் நிதானமாக வாசி. கௌசி என்னோடு அடிக்கடி போனில் கதைக்கிறவள் என்று உனக்குத் தெரியும். நல்ல பிள்ளை. நீ கட்டப்போகிறவள் என்பதற்காகச் சொல்லவில்லை. அவளுடைய சிரிப்பு நேராக வருகிறது. நீ கார்க் கதை கேட்ட அடுத்த நாள் அவள் எடுத்தாள்.

"மாமி, உங்கடை மகனுக்கு ஒரு விசர் இருக்கு, தெரியுமோ?"

"ஒண்டெண்டு ஆர் சொன்னது?"

"இது வேறை மாமி. றோட்டிலை ஆராவது காருக்குள்ளை ஏசியைப் போட்டுப் படுத்திருந்தா, இவர் போய்க் கண்ணாடியைத் தட்டுவார். ஆரெண்டே தெரியாது. அந்தாள் துடிச்சுப் பதைச்சு எழும்பிச் சிங்களத்திலை கிழிக்கும். இவர் 'சொறி, சொறி' எண்டு சிரிச்சுக்கொண்டு வாறார். பேச்சு வாங்கினாத்தான் ஆளுக்குச் சந்தோசம். போன கிழமை ஒருத்தன் இறங்கி அடிக்க வந்திட்டான்."

"ஏனாம்?"

"கேட்டா, சும்மாவாம். நான் இனி இவரோடை றோட்டிலை நடக்கமாட்டன், சொல்லிப்போட்டன்."

நானும் சிரித்தேன். நல்ல வேளை, அவளுக்கு என் முகம் தெரியவில்லை. போனை வைத்த பிறகு அவள் சொன்னதைத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். பேச்சு வாங்கினால்தான் ஆளுக்குச் சந்தோசம். ஏசுகிற மனிதன் உயிரோடு இருக்கிறான், அதுதானே தம்பி?

அப்போதுதான் எனக்கு அது ஞாபகம் வந்தது. அப்பா போன அன்று ரியூசன் முடிந்து நீ நல்லூரிலிருந்து சைக்கிளில் அந்த வழியாகத்தான் வந்தாய். மத்தியானம் திரும்பி, வெயில் கண்ணைக் குத்துகிற நேரம். வந்து செம்பில் தண்ணி வார்த்து அண்ணாந்து குடித்துவிட்டு, "அப்பா மண்டபத்தடியிலை நல்ல நித்திரை" என்றாய். நான் கறிக்கு உப்புப் பார்த்துக்கொண்டு, "விடு, படுக்கட்டும், விடியவே எழும்பின மனிசன்" என்றேன். அவ்வளவுதான். இந்தக் கதையை நான் அப்படியே மறந்துபோனேன். அதற்குப் பிறகு வந்த பெரிய செய்தி அதை மூடிவிட்டது. நீ மறக்கவில்லை. ஒரு கண்ணாடியின் இந்தப் பக்கம் சைக்கிளை ஊன்றிக்கொண்டு நின்ற நீ, தட்டுவோமா விடுவோமா என்று யோசித்து, பாவம் படுக்கட்டும் என்று அன்பினால் விட்டுவிட்டு வந்த நீ, இத்தனை வருடமாக ஊர் ஊராக, தெருத் தெருவாக, முன்பின் தெரியாத மனிதர்களின் கண்ணாடியைத் தட்டிக்கொண்டு திரிகிறாய்.

கேள். பிரேதப் பரிசோதனை செய்த டொக்டர் இளம் ஆள், உன் இப்போதைய வயதுதான் இருக்கும். மற்றவர்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டு நடைபாதையில் வைத்துச் சொன்னார். "அம்மா, காலமை என்ன சாப்பிட்டவர்?" என்று கேட்டார். சொன்னேன். "அது அப்பிடியே கிடக்கு. அவ்வளவு சமிக்கேல்லை. காரைக் கொண்டுபோய் நிப்பாட்டிக் கொஞ்ச நேரத்திலேயே மாரடைப்பிலை முடிஞ்சுபோச்சு. உடம்பைப் பாத்தாலும் அப்பிடித்தான் தெரியுது" என்றார். காலையில், தம்பி. தாலி கட்ட முதல். மேளம் அடித்திருக்காது. நீ ரியூசன் வாங்கில் இருந்து கணக்குச் செய்துகொண்டிருந்த நேரம். நீ கண்ணாடிக்கு வெளியே நின்றபோது அவர் போய் அரை நாள் ஆகியிருந்தது. அந்தக் கார் அவரை அப்படியே குளிரில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். நீ தட்டியிருந்தாலும், கத்தியிருந்தாலும், உடைத்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. சாப்பாட்டுப் பார்சல் வைத்தவருக்கும் இதுவேதான். டொக்டர் சொன்னதை நான் யாருக்கும் சொல்லவில்லை. அத்தனை நேரம் அவர் அங்கே அப்படி இருந்தார் என்பதை மற்றவர்கள் மனதில் படமாக வைத்துக்கொள்ள வேண்டாம் என்று நினைத்தேன். மத்தியானம் திரும்பி, கடைசிக் கொஞ்ச நேரத்தில்தான் நடந்தது என்று ஊர் நம்பியது, நம்பட்டும் என்று விட்டேன். அந்தக் கடைசிக் கொஞ்ச நேரத்துக்குள் நீ போய் மாட்டிக்கொண்டிருப்பாய் என்று எனக்கு எப்படித் தெரியும்?

உனக்கு முழு உண்மையும் சொல்ல வேண்டும் என்பதால் இதையும் எழுதுகிறேன். நானும் டொக்டரிடம் ஒன்று கேட்டேன். அவர் காருக்குள் இல்லாமல் வெளியே, மரத்தின் கீழே மற்றவர்களோடு இருந்திருந்தால், நெஞ்சைப் பிடித்ததை யாராவது கண்டிருப்பார்களா, கொண்டுபோயிருக்கலாமா என்று. அவர் கையிலிருந்த கோப்பை மூடினார். பிறகு, "தெரியாது அம்மா" என்றார். அவர் பொய் சொல்லாததற்கு நான் இன்றும் நன்றியாக இருக்கிறேன். என் கேள்விக்கு விடை இல்லை. நான் அதோடு இருந்து பழகிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்கு ஒரு புத்தகமும் வாசித்துக் காட்டுகிறேன். ஆனால் உன் கேள்விக்கு விடை இருக்கிறது. அதை எடுத்துக்கொள். என்னுடையதை உன் தலையில் ஏற்றிக்கொள்ளாதே. உனக்கும் கௌசிக்கும் நடுவில் அதற்கு இடமில்லை.

ஆகவே ஹைபிரிட் வாங்கு. நிழலில் விடு, பின் சீற்றில் ஒன்றும் விரிக்காதே, விசிறியை வருடத்துக்கு ஒரு தரம் திறந்து துடை. அவளையும் ஓட்டப் பழக்கு. எங்காவது காத்திருக்க நேர்ந்தால், தாங்கக்கூடிய வெயில் என்றால், இறங்கிப்போய் மற்றவர்கள் நிற்கிற நிழலில் நில். கொஞ்சம் வேர்க்கும், வேர்க்கட்டும். அப்பாவின் காரை நான் உனக்குத் தரமாட்டேன், நீ கேட்கவும் மாட்டாய். அதன் பற்றரி திரும்பவும் களைத்துவிட்டது. முன்பெல்லாம் எஞ்சின் வர ஒரு அத்தியாயம் வாசிக்கலாம், இப்போது ஒரு பக்கம் திருப்புவதற்குள் வந்துவிடுகிறது. புதிது போடுவோமா ரீச்சர் என்று கராஜ்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன். அது எவ்வளவு காலம் வருகிறதோ அவ்வளவு காலம் வரட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பொத்தானை அமத்தி ஒன்றும் வராவிட்டால், நான் இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குள் வருவேன். அதற்கு நான் ஆயத்தம்.

தட்டுகிற பழக்கத்தை விட்டுவிடு என்று கௌசி என்னைக் கொண்டு உனக்குச் சொல்லச் சொன்னாள். நான் சொல்லமாட்டேன். யாரோ ஒருவருக்காவது ஒரு நாள் அது பயன்படும். ஆனால் இனிமேல் அப்பாவுக்காகத் தட்டாதே. காருக்குள் இருக்கிற ஆளுக்காகத் தட்டு.

கலியாணத்துக்கு நீ ஒரு கிழமை முந்தி வருவதாகச் சொன்னாய். ஞாயிற்றுக்கிழமை பின்னேர பஸ்ஸில் வராதே, மத்தியானத்துக்கு வந்து சேருகிற மாதிரி வெளிக்கிடு. வீட்டுக் கதவு பூட்டியிருந்தால் கொட்டகைப் பக்கம் வா. இடப்பக்கச் சீற்றில் நான் சாய்ந்துகொண்டிருப்பேன். உனக்காக அன்றைக்கு முதல் தரம் கண்ணையும் மூடியிருப்பேன். நீ சைக்கிள் ஊன்றி நின்ற மாதிரி அங்கே நின்று யோசிக்காதே. பலமாகத் தட்டு. நான் திடுக்கிட்டு எழும்பி, கண்ணாடியை இறக்கி, ஒழுங்கை முழுக்கக் கேட்க உன்னை நல்லாக ஏசுவேன்.

அம்மா